அரை டம்ளர்

அரை டம்ளர் அரிசிதான் தனக்குக் காணும் என்று கண்டுபிடிக்க கெர்சோமுக்கு ஐந்து வாரத்துக்கு மேல் பிடித்தது. முதல் வாரம் இரண்டு டம்ளர் போட்டான், அந்த வீட்டில் யாரும் அதற்குக் குறைத்துப் போட்டு அவன் பார்த்ததில்லை. குக்கரைத் திறந்தால் கல்யாண வீட்டுச் சோறு. மத்தியானம் தின்றான், ராத்திரி தின்றான், தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் தின்றான், மத்தியானம் மூடியைத் தூக்கினால் அது இன்னும் உட்கார்ந்திருந்தது, கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி. அடுத்த வாரம் ஒரு டம்ளர், அப்போதும் மிச்சம். மூன்றாவது வாரம் எரிச்சலில் ஒரு கை மட்டும் அள்ளிப் போட்டான், அது அடியில் பிடித்துக் கருகிப்போக, இரண்டு பன்னைத் தண்ணீரில் முக்கித் தின்றுவிட்டுப் படுத்தான். அப்புறம் கொஞ்ச நாள் சோற்றோடு பேச்சுவார்த்தையே இல்லை, முட்டையும் ரொட்டியும்தான். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் கணக்கு நின்றது. அரை டம்ளர் அரிசி, ஒன்றேகால் டம்ளர் தண்ணீர், மூன்று விசில். மேலே பொடி ரசம், ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்டியது. தின்று முடித்தபோது குக்கரிலும் ஒன்றுமில்லை, வயிற்றிலும் இடமில்லை. இதை யாரிடமாவது சொன்னால் தேவலை போல இருந்தது. ஆளில்லாததால் தலைமையாசிரியர் குரலில் குக்கரிடமே சொன்னான். மூக்கால் பேசுகிறவர் அவர். மாணவன் கெர்சோம், பன்னிரண்டாம் வகுப்பு ஆ பிரிவு, இன்று ஒரு பருக்கைகூட மிச்சமில்லாமல் பொங்கியிருக்கிறான், அனைவரும் கைதட்டவும். குக்கர் கைதட்டவில்லை. அவனே தட்டிக்கொண்டான், ஈரக் கையால் தட்டினால் சத்தம் வேறு மாதிரி வருகிறது.

இன்று சனிக்கிழமை, மணி ரெண்டேமுக்கால். மத்தியானச் சோறு முடிந்து, குக்கரைக் கழுவித் துடைத்து, அதன் மூடியிலிருந்து ரப்பரைக் கழற்றி ஆணியில் மாட்டியாகிவிட்டது. விசிலையும் கழற்றியாகிவிட்டது. வீட்டில் ஓவன் கிடையாது, குக்கர்தான் ஓவன். அடியில் இரண்டு கை கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, பத்து நிமிசம் வெறும் குக்கரைச் சூடாக்கி, மாவு ஊற்றின பாத்திரத்தை உள்ளே இறக்கி, மூடி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். ரப்பரோட மூடினா அது கேக்கு இல்ல, இட்லி, என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா இதைச் சொன்னது அவனிடம் இல்லை. போன சனிக்கிழமை குவைத்திலிருந்து போனில் தன் அக்கா தங்கபுஷ்பத்திடம் சொன்னாள். எக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை அவனுக்குப் பதினெட்டு முடியுது, ஒரு கேக்கு மட்டும் போட்டுக் குடுத்துரு, நான் சொல்லுதபடி செய், தப்பாது என்று சொல்லி, மைதா எவ்வளவு, சீனி எவ்வளவு, முட்டை எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சரிட்டி, சரிட்டி, மெதுவாச் சொல்லு எழுதிக்கிடுதேன் என்று தங்கபுஷ்பம் பெரியம்மா எழுதிக்கொண்டாள். எழுதின கை கெர்சோமுடையது. சரிட்டி சொன்ன வாயும் அவனுடையதுதான். பெரியம்மா வீட்டை விட்டுப் போய் ஆறு வாரமாகிறது. தன் பிறந்தநாள் கேக்குக்கான சாமான் பட்டியலைத் தன் அம்மாவிடமிருந்து தன் பெரியம்மாவாக இருந்து வாங்கிக்கொண்ட ஒரே பயல் பாளையங்கோட்டையிலேயே தானாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு போனை வைத்ததும் சிரித்தான். தனியாகச் சிரித்தால் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது, பஸ்ஸில் தூங்கி எழுந்தவன் முழிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

சட்டியில் மூன்று முட்டையை உடைத்து ஊற்றினான். ஒன்றில் ஓட்டுத்துண்டு விழுந்துவிட்டது. அதை விரலால் துரத்தினால் அது வழுக்கிக்கொண்டே ஓடியது. ஹாய் ஃப்ரெண்ட்ஸ், ஓடு விழுந்தாப் பயப்படாதீங்க, அதுலயும் சத்து இருக்கு என்று போனில் சமையல் சொல்லித்தரும் அக்காவின் குரலில் சொன்னான், அந்த அக்கா ஒவ்வொரு சொல்லின் வாலையும் இழுத்து மேலே தூக்கிவிடுவாள். முட்டை அடிக்கும் கம்பி இல்லை, இரண்டு முள்கரண்டியைச் சேர்த்துப் பிடித்து அடித்தான். நுரைத்து வெளுக்கும்வரை அடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். ஏன் ஒரே பக்கம் என்று அம்மாவிடம் கேட்கத் தோன்றியது, ஆனால் பெரியம்மா கேட்க மாட்டாள், பெரியம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே. கை வலித்தது. எதிர்வீட்டு சொர்ணம் அத்தை வாசலில் நின்று, என்னக்கா, டகடகன்னு சத்தம் கேக்கு என்றாள். கரண்டியை நிறுத்தாமலே, அவனுக்குப் பொறந்தநாளுல்லா சொர்ணம், கேக்கு கிண்டுதேன் என்று உள்ளேயிருந்து பெரியம்மா சொன்னாள். கர்த்தர் ஆசீர்வதிப்பார்க்கா என்று சொல்லிவிட்டு அத்தை போனாள். இவ்வளவு சுளுவாக இருக்கும் என்று அவன் முதலில் நினைக்கவில்லை. கதவைப் பாதி சாத்தி வைத்துவிட்டு உள்ளேயிருந்து பேசினால் போதும், ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெருவே நம்பிவிடுகிறது. மூட்டு வலி, அதான் வெளியே வரதில்ல. பால்காரருக்குப் பெரியம்மா, கேஸ்காரருக்குப் பெரியம்மா, ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட வந்த பாஸ்டருக்கும் பெரியம்மா, அவருக்கு மட்டும் இரண்டு அல்லேலூயா கூடுதல். பரீட்சைக்குப் படிக்கப் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டதிலிருந்து பேச வேறு ஆளில்லை. நேற்று கடையில் உப்பு வாங்கப் போய், ஒரு பாக்கெட் கல்லுப்பு என்று சொல்ல வாயெடுத்தால் முதலில் காற்றுதான் வந்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். உடனே பஸ் கண்டக்டர் குரலில் சொல்லிவிட்டான், உப்பு ஒண்ணு, சில்லறை கையில வச்சிருங்க. அவர் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று வரும் வழியெல்லாம் யோசித்தான்.

மாவைச் சலித்துக் கொட்டினான். சலிக்கிற போது வெள்ளையாய் ஒரு புகை எழும்பி மூக்கில் ஏறியது, பவுடர் வாசனை, பெரியம்மாவின் கழுத்து வாசனை. அவள் கழுத்தில் நகை கிடையாது, அவர்கள் சபையில் போடக் கூடாது, அதற்குப் பதிலாகப் பவுடரை அள்ளி அப்பியிருப்பாள். அன்றைக்கு மொட்டைமாடியில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அவன் பெரியம்மாவாகி ஜெபம் செய்துகொண்டிருந்தான். பக்கத்து மாடியில் நின்ற பயல்கள் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆண்டவரே, இந்த வீட்டுல உப்பு அதிகமா போடுத பாவியை நீர் அறிவீர், மூணு மணிக்கே டீ கேக்குத பாவியையும் நீர் அறிவீர், என் தங்கச்சி புருசனைத் தேர்ந்தெடுத்த லட்சணத்தையும் நீர் அறிவீர், என்று கையை மேலே தூக்கிக் கண்ணை மூடி அவன் அழுத அழுகைக்கு மாடியே அதிர்ந்தது. அந்தக் கடைசி வரி, அதைச் சொல்லியிருக்க வேண்டாம். கண்ணைத் திறந்தபோது பயல்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ஈரத் துணி வாளியோடு பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, அவள் திட்டாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தான். கீழே போய்ப் பையை எடுத்துவைத்துக்கொண்டு, திருப்பூரில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், என் தொண்டைதான் உன்கிட்ட இருக்குல்லா, அதையே வச்சுப் பொங்கித் தின்னு. உன் அம்மைகிட்ட நீயே சொல்லிக்க. அவளிடம் இருப்பது பட்டன் போன், அதிலிருந்து குவைத்துக்குக் கூப்பிட அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கூப்பிட மாட்டாள், ரோசக்காரி. அப்படித்தான் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறான், அவள் சொன்னபடியே, அவள் தொண்டையை வைத்து.

சொல்லிவிடத்தான் நினைத்தான். அந்த முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு, அங்கே அம்மா வேலை பார்க்கிற மேடம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கின நேரம் அவள் கூப்பிட்டபோது, அம்மா, பெரியம்மா போயிட்டா என்ற மூன்று சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டுதான் போனை எடுத்தான். அந்த வீட்டுக்குள் படம் எடுக்கிற போன் எதையும் காட்டக் கூடாது என்று மேடம் உத்தரவு, அதனால் எப்போதும் வெறும் குரல்தான். அம்மா எடுத்த எடுப்பிலேயே மேமாசம் வந்துருவேன், மேடம் சரின்னுட்டாவ, இன்னும் மூணு மாசம்தான், நீ தனியா இல்லங்கதுதான் எனக்கு இங்க ராத்திரி கண்ணை மூட வைக்கி என்றாள். பிறகு பெரியம்மாட்ட குடு என்றாள். அவன் போனைக் கையால் பொத்தினான். ஒரு நிமிசம் சுவரைப் பார்த்தான். பொத்தின கையை எடுத்தபோது பெரியம்மா வந்திருந்தாள். முதல் நாள் அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது, மாங்காய் திருடிக்கொண்டு சுவர் ஏறிக் குதிக்கிற சந்தோசம். இரண்டாவது சனிக்கிழமைதான் அந்தச் சந்தோசம் போனது. அவனோடு பேசும்போது நல்லா இருக்கேன் எய்யா, இங்க ஏசி, இங்க மட்டன் என்று பேசின அதே அம்மா, பெரியம்மா வந்ததும் குரலை இறக்கினாள். எக்கா, அவன் பக்கத்துல இல்லல்லா. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு, ராத்திரி செருப்பு கழறமாட்டேங்கு. எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுட்டு எனக்குத் தனியா ஒரு வாய்க் கஞ்சி வைக்கதுக்குள்ள நின்னுக்கிட்டே தூங்கிருதேன். அவன்கிட்ட சொல்லிராத.

போனில் உண்மையான தங்கபுஷ்பம் இருந்திருந்தால், உன்னை யாரு போகச் சொன்னா, நான் பாத்த மாப்பிள்ளையைக் கட்டியிருந்தா இந்தக் கதி உண்டா என்று தொடங்கியிருப்பாள். அக்காவும் தங்கச்சியும் பேசி சண்டையில் முடியாத நாள் கிடையாது. அம்மா அவன் அப்பா செல்வினைக் கட்டினதிலிருந்து, செல்வின் செத்துப் பதினோரு வருசமான பிறகும், அந்தச் சண்டை மட்டும் சாகவில்லை. கெர்சோமுக்கு அந்தச் சண்டை அச்சுப் பிசகாமல் வரும், எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்த இடத்தில் மூக்கைச் சிந்துவாள் என்பது உட்பட. ஆனால் வாயைத் திறந்தபோது அது வரவில்லை. வெந்நியில கல்லுப்பைப் போட்டுக் காலை வச்சுக்கோ புள்ள, வச்சுக்கிட்டுச் செத்த நேரம் இரு, வேலை எங்கயும் ஓடிராது என்று வந்தது. அப்புறம் அம்மா அழுதாள். எக்கா, நீ என்கிட்ட இப்படிப் பேசி எத்தனை வருசமாச்சு என்று அழுதாள். அன்றைக்கு போனை வைத்தபின் அவன் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா அவனோடு பேசும் நேரம் குறைந்து, பெரியம்மாவோடு பேசும் நேரம் கூடியது. படிச்சியா, திங்கியா, சரி பெரியம்மாட்ட குடு. அவன் கொடுத்துக்கொண்டே இருந்தான். இப்போது உண்மையைச் சொன்னால் வீடு காலி என்பது மட்டுமில்லை, இத்தனை வருசத்துக்கப்புறம் அம்மாவுக்குக் கிடைத்த அக்காவும் காலி. தூக்கம் போய்விடும், கால் வீங்கினது போதாதென்று மேடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு பாதியில் கிளம்பி வந்துவிடுவாள், அவளுடைய பாஸ்போர்ட் மேடம் பீரோவில் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்தால் பெரியம்மாவை விடவே முடியாது என்று தெரிந்தது. பரீட்சை முடிகிறவரை பெரியம்மா, மே மாசம்வரை பெரியம்மா.

கல்லுப்பை அள்ளிக் குக்கரில் பரப்பினான். கரகரவென்று விழுந்தது. அம்மாவின் கால் ஞாபகம் வந்தது, ஆனால் பழைய கால்தான் வந்தது, மெலிந்து நரம்பு தெரிகிற கால், வீங்கின காலை அவன் பார்த்ததில்லை, காதால்தான் தெரியும். சூடான குக்கருக்குள் பாத்திரத்தை இறக்கும்போது விளிம்பு பட்டு விரல் சுட்டது, அதை வாயில் வைத்துக்கொண்டே மூடினான், மணி மூணு இருபத்தைந்து. விசில் இருந்த ஓட்டை வழியாக மெதுவாக ஒரு வாசனை வரத் தொடங்கியது, முதலில் வெறும் மாவு, அப்புறம் சீனி, அப்புறம் ஏலக்காய். அவன் அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சமைக்கத் தொடங்கினதிலிருந்துதான் தெரிகிறது, ஒரு வேளை என்பது எவ்வளவு நீளம். தேய்க்கிற பாத்திரம் ஒன்றுதான், தட்டு ஒன்றுதான், இருந்தாலும் அந்த ஒன்றைத் தேய்க்க எழுந்து போவதற்குள் விடிந்துவிடும் போல இருக்கிறது. இரண்டு பேர் இருந்தால் ஒருத்தர் எழுந்திருப்பதைப் பார்த்து இன்னொருத்தர் எழுந்திருப்பார்கள். பெரியம்மா இருந்தபோது ஒரு டம்ளரைக்கூட அவன் கழுவினதில்லை. அவள் கழுவிக்கொண்டே கத்துவாள், அவன் அறைக்குள்ளிருந்து அதே கத்தலைத் திருப்பிக் கத்துவான், இரண்டும் சேர்ந்து வீடு நிறைந்திருக்கும். இப்போது கத்தலும் கழுவலும் அவனே. ஒன்று மட்டும் உள்ளே போய் முள்ளாகச் சிக்கியிருந்தது, விழுங்கினாலும் போகவில்லை, துப்பினாலும் வரவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போகிறது. தூங்கும்போது அவன் மூச்சு மாறினாலே எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள். குரல் உடைந்த வருசம், உனக்குச் சளி இல்லல, நீ பெரியவனாவுத என்று அவனுக்கு முன்னால் கண்டுபிடித்தவள். அவளை ஏமாற்ற முடிகிறது என்பது முதலில் பெருமையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் போனை எடுக்கும்போது உள்ளே ஒரு ஆள், இன்னைக்காவது கண்டுபிடி, இன்னைக்காவது கண்டுபிடி என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இன்னொரு ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே கையால்தான் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கைதான் அலுத்துப்போகிறது.

பத்து நிமிசத்துக்கு ஒருதரம் மூடியைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள். திறந்தான். நடுவில் இன்னும் குளம் மாதிரி ஆடியது, மேலே வெளுத்திருந்தது, நாலு மணிக்குள் ஆகாது போல இருந்தது. அம்மா கேட்கும்போது ஆயிட்டு என்று சொல்ல வேண்டும், அது ஒன்றாவது நிசமாக இருக்கட்டுமே என்று தீயைக் கொஞ்சம் கூட்டினான். துடைப்பத்திலிருந்து ஒரு புது ஈர்க்கை உருவிக் கழுவி வைத்தான், குத்திப் பார்க்க. ஈர்க்கில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

வழக்கம்போல முதலில் அவன். படிக்கியா, படிக்கேன். நாளைக்குக் கோயிலுக்குப் புதுச் சட்டை போட்டுட்டுப் போ, சரி. அவ்வளவுதான், பெரியம்மாட்ட குடு. போனைப் பொத்தினான், சுவரைப் பார்த்தான், கையை எடுத்தான். அம்மா இன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். உப்பு வெந்நி வைத்ததில் வீக்கம் வற்றியிருக்கிறதாம், செருப்பு கழறுகிறதாம். மேடத்தின் பிள்ளைகளுக்கு அவளும் நேற்று கேக் போட்டாளாம், இங்கே ஓவன், பொத்தானை அழுத்தினால் போதும், நம்ம குக்கர்ல வர்ற ருசி இதுக்கு இல்லக்கா என்றாள். கேக்கு அடுப்புலதான் கெடக்கு, வாசனை தூக்குது என்றாள் பெரியம்மா. அம்மாவின் சிரிப்பு போனில் சின்னதாகக் கேட்டது. பையன் மெலிஞ்சிருப்பானே, ஒழுங்காத் திங்கானா, வளருத பிள்ளை, இப்ப எவ்வளவு அரிசி போடுதே என்று கேட்டாள். அவன் கண் குக்கர் மூடியின் ஓட்டையில் இருந்தது, அதிலிருந்து வருவது ஆவியா புகையா என்று பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தது தானாக வாயில் வந்து நின்றது.

"அரை டம்ளர் போட்டா காணும்ட்டி. ஒரு பருக்கை மிஞ்சாது, கணக்கா இருக்கும்."

சொன்ன குரலில் பெருமை இருந்தது. அங்கே எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"எந்த டம்ளர்க்கா?"

"நம்ம வீட்ல வேற எது. செல்வின் பேரு வெட்டுன டம்ளர்தான்."

"அதுல அரை டம்ளர் ஒத்த ஆளுக்குல்லா."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கு முந்திக்கொண்டு ஓடியது. தான் உபவாசம் இருப்பதாகவும், சபையில் நாற்பது நாள் ஜெபம் நடக்கிறதென்றும், ஒரு வேளைதான் அதுவும் பழம்தான் என்றும் பெரியம்மா அடுக்கினாள். நல்ல குரல், ஒரு பிசிறில்லை. அம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதுதான் பயமாக இருந்தது.

"எக்கா, நாம ரெண்டு பேரும் கடைசியா எப்ப சண்டை போட்டோம்?"

உண்மையான தங்கபுஷ்பத்துக்கு நாள், கிழமை, மணி, அப்போது யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்பதுவரை தெரியும். அவன் தேடினான். எத்தனை சண்டை கேட்டிருக்கிறான், எத்தனை சண்டையை நடித்துக்காட்டியிருக்கிறான், ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் ஆறு வாரமாக ஒரு சண்டைகூட இல்லை, அக்கா தங்கச்சி என்றால் அதில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். குரலை எடுத்தான், மூச்சை எடுத்தான், பவுடர் வாசனைவரை எடுத்தான், அந்த ஒன்றை மட்டும் எடுக்க மனசு வராமல் விட்டுவிட்டான். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"கெர்சோம்."

அவ்வளவுதான் சொன்னாள். கேள்வியாகக்கூட இல்லை. அக்கா எங்கே என்று கேட்டாள், திருப்பூர் என்றான், அது பெரியம்மா குரலிலும் இல்லாமல் அவன் குரலிலும் இல்லாமல் நடுவில் எங்கோ வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டாள், சொன்னான். இனி அழுவாள், இனி கத்துவாள் என்று அவன் ஈர்க்கை இரண்டாக ஒடித்து, நாலாக ஒடித்து, ஒடிக்க இடமில்லாமல் போகும்வரை ஒடித்தான்.

"அப்ப, வெந்நில உப்பு போட்டுக் காலை வச்சுக்கோ புள்ளன்னு சொன்னது நீதானால."

"ம்."

அவளிடமிருந்து ஒரு அக்கா எழுந்து போவது அவனுக்குக் கேட்டது. போனவளை அவள் கூப்பிடவில்லை. ராத்திரி கதவுக்கு ரெண்டு தாப்பாளும் போடுதியா என்றாள், போடுதேன் என்றான். காய்ச்சல் எதுவும் வந்துதா என்றாள், ஒருநாள் என்றான். அதற்கு மேல் அவள் கேட்டது ரொம்ப மெதுவாக வந்தது, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி, தூங்கத்தான் செய்கிறார்கள்.

"நான் வந்துரவா எய்யா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மே மாசம்தானே, இரண்டு மாசம்கூட இல்லை. தொண்டைக்குள் அவசரமாகக் கையைவிட்டுத் துழாவினான். தலைமையாசிரியர் குரலில் சொன்னால் வேண்டாம் என்பது கணீரென்று வரும். பாஸ்டர் குரலில் சொன்னால் ஆறுதலாக வரும், கண்டக்டர் குரலில் சொன்னால் அம்மா சிரித்துவிடுவாள். எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள், எல்லாருக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல வந்தது. அவர்களுக்குப் பின்னால் கடைசியில் ஒருத்தன் நின்றான். அவனிடம் வேண்டாம் என்ற சொல் இல்லை. குக்கர் ஓட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது ஆவியில்லை, புகைதான், அடுப்படி முழுக்க ஏலக்காயும் கரியுமாக நிறைந்து கண் எரிந்தது.

"கேக்கு கருகுதும்மா."

அந்தக் குரலை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. கரகரப்பாக, பாதியில் உடைந்து, யாருடைய சாயலும் இல்லாமல் இருந்தது.

"அடுப்பை அணைச்சிட்டு வா," என்றாள் அம்மா. "நான் வைக்கல."

போனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து அணைத்தான். துணியைப் பிடித்து மூடியைத் தூக்கினான். ஓரமெல்லாம் கறுத்துச் சுருங்கியிருந்தது, நடுவில் மட்டும் பழுப்பாய் எழும்பி, லேசாக வெடித்திருந்தது. ஈர்க்கைத் தேடினான், ஒடித்துப் போட்ட துண்டுகளில் ஒன்றை எடுத்து நடுவில் குத்தி இழுத்தான். ஒட்டாமல் வந்தது. திரும்பி வந்து போனைக் காதில் வைத்தான். லைனில் அவள் இருந்தாள், குழாய் சொட்டுவதும் இருந்தது.

"ஓரம் போச்சு. நடுவுல வெந்துட்டு."

"ஓரத்தை வெட்டிப் போட்டுரு. நான் ராத்திரியே மேடத்துகிட்ட பாஸ்போர்ட்டைக் கேக்கேன்." குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "நான் வர்ற வரைக்கும் அரை டம்ளர் போடாத. முக்கா டம்ளர் போடு. மிஞ்சுனா மிஞ்சட்டும்."